வீக்எண்டில் அந்தமான் போய் வர முடியுமா? விமானம் ரெடி, கடல் ரெடியா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாப்டாப்பை மூடுறோம். சனிக்கிழமை விடியற்காலை ஃபிளைட். மதியத்துக்குள்ள ஒரு குட்டித் தீவு, வெள்ளை மணல், பசங்களுக்கு கடல் குளியல், அப்பா அம்மாவுக்கு ஒரு சூரிய அஸ்தமனம். ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை காலை மீட்டிங்ல உட்கார்ந்துடலாம். சென்னையிலிருந்து ரெண்டேகால் மணி நேரம்தானே?

இப்படி ஒரு பிளான் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடிக்கிட்டு இருக்கலாம். சுருக்கமான பதில் இதுதான்: அந்தமானின் தலைநகருக்கு வீக்எண்டில் போய் வரலாம். ஆனா அங்கிருந்து ஹேவ்லாக், நீல் மாதிரி சின்னத் தீவுக்கும் போய்விட்டு ரெண்டு நாளில் குடும்பத்தோடு திரும்புவது பெரும்பாலும் நடக்காத காரியம். நடந்தாலும், எதாவது ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் குலையும்.

ஏன்னு பார்ப்போம்.

முதலில், எந்த ஊருக்கு டிக்கெட் போடணும்?

பெயர்க் குழப்பத்தை முதல்ல தீர்த்துக்குவோம். போர்ட் பிளேர் நகரத்தின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றுவதாக 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது. நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. ஹோட்டல் தளங்களிலும் பேச்சு வழக்கிலும் பழைய பெயர்கள் இன்னும் ஓடுது. அதனால ஒரே இடத்துக்கு ரெண்டு பெயரிலும் தேடிப் பாருங்க.

அடுத்து, ஹேடோ. சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பயணிகள் கப்பல்கள் காலங்காலமாக வந்து நிற்கும் துறை, ஸ்ரீ விஜயபுரத்தின் இந்தப் பகுதிதான். கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் வந்தா ரெண்டரை, மூன்று நாள் ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தத் தீவுக்கூட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். அதனால ஹேடோவில் ஆட்டோக்காரரிடமோ கடைக்காரரிடமோ தமிழில் வழி கேட்டால் பதில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

உங்க பயணத்துக்கு ஹேடோ முக்கியமானதற்குக் காரணம் வேறு. தனியார் அதிவேகப் படகுகள் பொதுவாக ஹேடோவிலிருந்தும், அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்தும் கிளம்புகின்றன. டிக்கெட்டில் எந்தத் துறை போட்டிருக்குன்னு பார்க்காம ஆட்டோவில் ஏறினா, நீங்க ஒரு துறையில், உங்க படகு இன்னொரு துறையில் நிற்கும்.

ரெண்டு நாள் கணக்கு எங்கே உதைக்குது?

சனிக்கிழமை காலை முதல் ஃபிளைட்டில் வந்து இறங்குறீங்கன்னு வெச்சுக்குவோம். பெட்டி எடுத்து வெளியே வந்து ஹேடோ போய்ச் சேரும்போது அன்றைய காலைப் படகுகள் கிளம்பியிருக்கும். அடுத்தது மதியப் படகு. ஒரு மணி நேரம் முன்னாடியே துறையில் இருக்கணும். அடையாள அட்டை, பெட்டிச் சோதனை எல்லாம் விமான நிலையம் மாதிரிதான். தனியார் படகில் ஹேவ்லாக் போக சுமார் ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஆகலாம். தீவில் இறங்கி ரூமுக்குப் போகும்போது சாயங்காலம்.

இங்கேதான் பலரும் மறக்கும் ஒரு விஷயம் வருது: அந்தமானில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். ஆனா ஸ்ரீ விஜயபுரம் சென்னையை விட சுமார் 12 டிகிரி கிழக்கே இருக்கு. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம்னா, அங்கே சூரியன் நம்மை விட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னாடியே உதிச்சு, முன்னாடியே மறையும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். நீங்க ராதாநகர் கடற்கரைக்குப் போகும்போது குளிச்சது போதும்னு எல்லாரையும் கரையேத்திக்கிட்டு இருப்பாங்க.

ஞாயிறு இன்னும் மோசம். மதிய ஃபிளைட் பிடிக்கணும்னா தீவிலிருந்து காலை முதல் படகிலேயே கிளம்பணும். படகு தாமதமானால் ஃபிளைட் போச்சு. ஆக, மொத்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைச்சது ஒரு அஸ்தமனம், அதுவும் மேகம் இல்லைன்னா.

விமான நிலையம் பெரிதாச்சு, தீவு?

2023 ஜூலை 18 அன்று இங்கே புதிய விமான முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். சுமார் 710 கோடி ரூபாய் செலவு. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: 2011 கணக்குப்படி அந்தமான் நிகோபார் முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். நீல் தீவில் இருப்பவர்கள் சுமார் 3,000 பேர்தான்.

வானத்தில் வாசல் அகலமாயிடுச்சு. கடலில் அது அப்படியே பெரிதாகிவிடாது. படகுத்துறையின் நீளம், படகின் இருக்கைகள், கடலின் மனநிலை, இவைதான் சின்னத் தீவுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் போகலாம்னு தீர்மானிக்கும். லாங் வீக்எண்டில் ஃபிளைட் சீட் கிடைச்சும் படகு சீட் கிடைக்காம ஹேடோவில் நிற்பவர்கள் இந்தக் குறுகலில் மாட்டினவர்கள்தான்.

இந்தப் படகை நம்பி இன்னொரு கூட்டமும் இருக்கு. நீல் தீவு அந்தமானின் காய்கறித் தோட்டம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேற்றப்பட்ட வங்காளிக் குடும்பங்கள் அங்கே விவசாயம் செய்கின்றன. சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணப் பெயர்கள் கொண்ட ஊர்கள். அங்கிருக்கும் ஒருவருக்குப் பெரிய சிகிச்சை வேணும்னா ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வரணும். அதனாலதான் அரசுப் படகுகளில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமையும் தனிக் கட்டணமும் இருக்கு. 'சீட் இருக்கும்போதே எங்களுக்குத் தரமாட்டேங்கிறாங்க'ன்னு கவுன்டரில் கோபப்படுவதற்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க. நமக்கு அது பிக்னிக் படகு. அவங்களுக்கு அது டவுன் பஸ்.

கடல் 'முடியாது'ன்னு சொன்னா?

2016 டிசம்பர் முதல் வாரம். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு அந்தமானில் கனமழையையும் பலத்த காற்றையும் கொண்டு வந்தது. படகுகள் நின்றன. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்களை அனுப்பித்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. அதே காற்றழுத்தம்தான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது.

டிசம்பர் அங்கே சுற்றுலா சீசன் என்பதைக் கவனிங்க. தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் அந்தமானைத் தொடும். மே முதல் டிசம்பர் தொடக்கம் வரை எப்போது வேணும்னாலும் ஒரு நாள் படகு ரத்தாகலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் ஒப்பீட்டளவில் அமைதி. கோடை விடுமுறைன்னு மே கடைசியில் போனா, மழைக்கு வாசல் திறக்கும் நேரத்தில் போறீங்கன்னு அர்த்தம்.

காஞ்சிபுரம் மறக்காத ஒரு ஞாயிறு

2014 ஜனவரி 26. குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை. ராஸ் தீவைப் பார்த்துவிட்டு நார்த் பே நோக்கிப் போன 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா வந்தவர்கள். சுமார் 25 பேருக்கான படகில் ஏறக்குறைய 45 பேர் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

அது நடுக்கடல் இல்லை. நகரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். அரை நாள் சுற்றுலா என்று எல்லாருடைய பட்டியலிலும் இன்றைக்கும் இருக்கும் அதே பாதை.

இந்தச் சம்பவத்தை உங்களைப் பயமுறுத்தச் சொல்லலை. நேரம் இறுக்கமா இருக்கும்போது நாம எடுக்கும் முடிவுகளைப் பற்றி யோசிக்கத்தான். அடுத்த படகு வரை காத்திருக்க உங்க பிளானில் ஒரு மணி நேரம் கூட இல்லைன்னா, கூட்டமான படகைப் பார்த்து 'வேண்டாம், அடுத்ததில் வர்றோம்'னு சொல்ல மனசு வராது. அப்படிச் சொல்லும் வசதிதான் குடும்பத்துக்கு நீங்க வாங்கித் தரக்கூடிய முதல் பாதுகாப்பு.

ஏறுவதற்கு முன் மூணே மூணு கேள்வி: இந்தப் படகில் எத்தனை பேருக்கு அனுமதி? இப்போ எத்தனை பேர் இருக்காங்க? குழந்தைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருக்கா? பெரியவங்க ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிட்டா அது தலை வழியா கழன்று வந்துடும்.

செலவுக் கணக்கு எப்படி?

நாலு பேர் குடும்பம். போக வர 8 விமான சீட், 8 படகு சீட். மொத்தம் 16 சீட், ஒன்றோடொன்று சங்கிலியாகக் கட்டப்பட்டவை. ஒரு படகு ரத்தானா அதன் பணம் திரும்ப வரலாம். ஆனா அதனால் தவறிய ஃபிளைட்டின் பணத்தைப் படகுக்காரர் தரமாட்டார். இரண்டும் தனித்தனி டிக்கெட்.

இன்னொரு கோணம்: இந்த 16 சீட்டுக்கான செலவு நீங்க ஒரு ராத்திரி தங்கினாலும் நாலு ராத்திரி தங்கினாலும் ஒன்றுதான். ஒரு ராத்திரிக்குப் போனா முழுச் செலவும் அந்த ஒன்றின் தலையில் விழும். ரெண்டு வருடம் வீக்எண்டாகப் போய் வருவதை விட, ஒரே தடவை அஞ்சு நாள் போவது மலிவு.

சரி, எப்படி பிளான் பண்றது?

குறைந்தது அஞ்சு நாள், நாலு ராத்திரி வெச்சுக்கோங்க. லாங் வீக்எண்டோடு ரெண்டு நாள் லீவு சேர்த்தா போதும்.

முதல் நாள்: ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கி அங்கேயே தங்குங்க. மதியம் செல்லுலார் சிறை. அன்றே படகு பிடிக்க ஓட வேண்டாம்.

இரண்டாம் நாள்: காலைப் படகில் சின்னத் தீவு. ஹேவ்லாக், நீல் ரெண்டும் வேணும்னு ஆசைப்படாம ஒன்றைத் தேர்ந்தெடுங்க. வயசானவங்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தா நீல் வசதி. தீவு சின்னது, ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோவிலேயே போயிடலாம்.

மூன்றாம் நாள்: எந்த வண்டியும் பிடிக்க வேண்டாத முழு நாள். நீங்க வந்ததே இதுக்குத்தான்.

நான்காம் நாள்: தலைநகருக்குத் திரும்புங்க. கடைசி ராத்திரி கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில். படகு ரத்தானா தாங்கிக்கொள்ள இந்த ஒரு நாள்தான் மெத்தை.

ஐந்தாம் நாள்: ஃபிளைட்.

டிக்கெட் போடும்போது படகு நேரத்தைப் பார்த்த பிறகு ஃபிளைட்டை உறுதி செய்யுங்க. பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கிறாங்க. கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தா அது அலங்காரம் இல்லை. 2010-ல் ராதாநகர் அருகே ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். பசங்க பொறுக்கிய பவளத் துண்டைப் பெட்டியில் போடாதீங்க. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, விமான நிலையத்தில் பிடிபட்டா சிக்கல்.

'லீவு இல்லை, அங்கிருந்தே லாகின் பண்ணலாமா?'

2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி ஃபைபர் கேபிள் திறக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையம் இப்போ நிறைய மாறியிருக்கு. ஸ்வராஜ் த்வீப்பும் அந்த இணைப்பில் உண்டு. ஆனாலும் ஒரு கடைசி மைல் சிக்கல் இருக்கு: உங்க ஹோட்டலின் வைஃபையும் கரண்டும். முக்கியமான மீட்டிங்கை தலைநகரில் இருக்கும் நாளில் வெச்சுக்கோங்க, படகில் இருக்கும் நாளில் வேண்டாம்.

நிஜமாவே ரெண்டு நாள்தான் இருக்குன்னா?

அப்போ தீவை மாத்துங்க. லட்சத்தீவு இதுக்குத் தீர்வு இல்லை. அங்கே நுழைய இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேணும். ஆனா நம்ம பக்கத்திலேயே, ராத்திரி ரயிலில் ஏறி காலையில் இறங்கக்கூடிய ஒரு தீவு இருக்கு: ராமேஸ்வரம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில்கள் மறுபடி தீவுக்குள் போகின்றன. கடலின் நடுவே 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியைக் கடக்கும்போது பசங்களை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்க. தனுஷ்கோடி வரை ரோடு இருக்கு. அங்கே நீரோட்டம் பலமானது, குளிக்க வேண்டாம், பார்த்துட்டு வாங்க. ஞாயிறு ராத்திரி ரயில் ஏறினா திங்கள் காலை சென்னை.

அந்தமானுக்கு அடுத்த லாங் வீக்எண்டைக் குறிச்சு வையுங்க. கூடவே முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் லீவும் இன்றைக்கே அப்ளை பண்ணிடுங்க.