அலை அனுப்பாத ரேடார்

ரேடார் தானே வானொலி அலையை அனுப்பி, எதிரலையைக் கொண்டு பொருளின் இருப்பிடத்தை அறிகிறது. பிறர் அனுப்பும் அலையைக் கொண்டும் இப்பணியைச் செய்ய இயலும். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே, பிபிசி வானொலி அலைகள் விமானத்தில் பட்டுச் சிதறியதை வாட்சன் வாட்டும் வில்கின்சும் கருவியில் கண்டனர். இன்று அத்தகைய அலைகளை ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வழங்குகின்றன. அவற்றிலிருந்து நேராக வரும் அலையையும் கப்பலில் பட்டுச் சிதறி வரும் அலையையும் ஒப்பிட்டால், கால வேறுபாடு தொலைவையும் அதிர்வெண் மாற்றம் இயக்கத்தையும் உணர்த்தும்.

சிதறி வரும் அலை மிக நலிந்தது. நெடுநேரம் திரட்டினால்தான் புலப்படும். சிறு படகுகளைக் காண்பது அரிது. எனினும், தனி அலைபரப்பி தேவையில்லை. தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கருவியை அணைத்துவிட்டுச் செல்லும் பெருங்கப்பல்களைக் கண்டறிய இம்முறை துணைபுரியும்.

ஆனால், அலை அனுப்பாத கருவி இருப்பதைப் பிறர் அறிதல் கடினம். காணப்படுவோர் அறியாமலேயே காணும் கருவிக்குச் சட்டத்தின் வரம்பு வேண்டும். உலகோர்க்கெல்லாம் வழிகாட்டப் பொதுவாய் வழங்கப்பட்ட அலை, ஒளிந்து நோக்கும் கண்ணாக மாறிவிடலாகாது. கடற்காவலுக்கு அதனைப் பயன்படுத்துதல் நன்று. யார், எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதை மக்களுக்குத் தெரிவித்தல் அதனினும் நன்று.