கட்டத்தாளும் கணினிச் சாளரமும்

நிரல் எழுதத் தொடங்குபவருக்குத் திரையில் ஒரு சாளரத்தைத் திறந்து, அதில் தம் கையால் ஒரு பொத்தானை நிறுத்துவது முதல் நாளின் பெருமகிழ்ச்சியாகும். ஆனால் அப்பொத்தான் என்ன பணி செய்யவேண்டும் என்று கேட்டால், பாடநூல்கள் பெரும்பாலும் கூட்டிக் கழிக்கும் கால்குலேட்டர் ஒன்றையே முன்வைக்கின்றன. காஞ்சிபுரத்தில் கற்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் மேலேயே, ஜக்கார்டு பெட்டியாக ஏறி அமர்ந்திருக்கிறது.

பட்டுப்புடவையின் பேட்டு எனப்படும் கரையிலும் முந்தியிலும் தோன்றும் மயிலும் யாளியும் முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பப்படுகின்றன. தாளின் ஒவ்வொரு நெடுவரிசையும் பெட்டியிலுள்ள ஒரு கொக்கியையும், ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் அட்டையையும் குறிக்கும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ள, அதனோடு சேர்ந்த கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிட, நூல் அசையாது கிடக்கும். 1804ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் அட்டைகளைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறியின் வடிவமைப்பில் எடுத்துக்கொண்டார் என்பதால், தறியை வைத்து நிரல் கற்பது வலிந்து செய்யும் ஒப்பீடன்று.

ஆகவே முதல் பயிற்சி ஒரு கட்டத்தாளாக அமையட்டும். பைத்தான் மொழியுடனேயே வழக்கமாகக் கிடைக்கும் டிகிண்டர் என்னும் தொகுப்பு, சாளரம், பொத்தான், வரைபரப்பு ஆகியவற்றைச் சில வரிகளில் உருவாக்கித் தரும். கற்பவரின் மனம் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் பொத்தானாக்கவே முதலில் விழையும். 240 கொக்கிகளும் 200 அட்டைகளும் கொண்ட டிசைனுக்கு 48,000 பொத்தான்கள் தேவைப்பட்டு, கணினி திணறும்போது அது தவறான வழி என்பது புலப்படும். ஒரே வரைபரப்பை வைத்துக்கொண்டு, சொடுக்கு விழுந்த இடத்தின் தொலைவைக் கட்டத்தின் அகலத்தால் வகுத்து ஈவை மட்டும் எடுத்தால், எத்தனையாவது நெடுவரிசை என்பது கிடைத்துவிடும்.

இத்தகைய நிரல் தானாக வரிசையாக ஓடி முடிவதில்லை. பயனரின் கைக்காகக் காத்திருந்து, சொடுக்கோ விசையழுத்தமோ நேரும்போது அதற்கென இணைக்கப்பட்ட செயற்கூறை அழைக்கிறது. இதனை நிகழ்வுச் சுழல் என்பர். நெசவாளர் மிதியை அழுத்தும் வரை பெட்டி சும்மா இருப்பதும், மிதித்து விட்டதும் அட்டைகளைத் தாங்கும் கட்டை திரும்பி அடுத்த அட்டை முன்வந்து நிற்பதும் இதே ஒழுங்குதான். தொடக்கநிலையினர் பலர் இடறுவதும் இங்கேதான்: பொத்தானோடு செயற்கூறின் பெயரை மட்டும் இணைக்க வேண்டியிருக்க, பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளையும் இட்டுவிடுவதால், பொத்தான் பிறக்கும்போதே அச்செயல் நடந்து முடிந்து, பிறகு எத்தனை முறை சொடுக்கினாலும் ஒன்றும் நிகழாது. அவ்வாறே, செயற்கூறுக்குள் நீண்ட நேரம் ஓடும் மடக்கு ஒன்றை எழுதினால், சுழல் அடுத்த நிகழ்வைக் கவனிக்க வழியின்றிச் சாளரம் உறைந்துபோகும்.

இவற்றினும் முதன்மையானது, திரையில் தெரியும் நிறம் டிசைன் அன்று என்னும் தெளிவு. ஒன்றும் பூச்சியமுமாக நினைவகத்தில் வைக்கப்படும் பட்டியலே டிசைன். வரைபரப்பு அதைக் காட்டும் இடம் மட்டுமே. இந்தப் பிரிவினையைத் தொடக்கத்திலேயே பேணியவருக்கு, பாதி மயிலை வரைந்து மறுபாதியை எதிர்முகமாகப் பெறுவது ஒவ்வொரு வரிசையையும் திருப்பி ஒட்டும் எளிய வேலையாகிவிடும். கோப்பில் சேமிப்பதும் அந்தப் பட்டியலை எழுதிவைப்பதே. திரையின் நிறங்களையே நம்பியவரோ ஒவ்வொரு கட்டத்தையும் திரும்ப விசாரித்துக்கொண்டிருப்பார். துணியில் ஓர் அங்குலத்துக்குரிய பாவு இழைகளும் ஊடை இழைகளும் எப்போதும் சம எண்ணிக்கையில் அமைவதில்லையாதலால், சதுரக் கட்டத்தில் வட்டமாகத் தெரிவது புடவையில் நீண்டோ நசுங்கியோ போகும். எனவே கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே மாற்றும் வசதியை நிரல் தந்தாக வேண்டும். டிசைன் போடுபவர் அருகில் அமர்ந்து சொல்லாமல் இந்தத் தேவை நிரலாளருக்குத் தோன்றுவது அரிது.

உடலையும் பேட்டையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களால் இணைக்கும் கோர்வை இந்த நிரலுக்குள் வராது. அது நெய்பவர் கையிலேயே இருக்கிறது. நிரல் சரிதானா என்று பார்க்க, ஏற்கெனவே தறியில் ஓடிய ஒரு டிசைனின் கிராஃபைத் திரையில் நிரப்பி, ஏதேனும் ஒரு வரிசையை அச்சிட்டு, அதற்குரிய பழைய அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, துளைகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்பிட்டால் போதும்.