கோழி செத்தால் நாய்க்கு ஏன் அடி?

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கும் ஆசை இப்போது டவுனிலும் பரவியிருக்கிறது. கொஞ்சம் இடம், மிச்சச் சோறு, காய்கறித் தோல், காலையில் முட்டை. நல்ல ஆசைதான். சிக்கல் என்னவென்றால், அந்தக் கொல்லையில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். நாலைந்து வருடமாக அணிலையும் பூனையையும் விரட்டி நல்ல பேர் வாங்கியவர்! திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து ஆறு கோழிகள் வந்து இறங்குகின்றன. மறுநாள் ஒன்று செத்துக் கிடக்கிறது. நாய்க்குச் செம அடி. இன்னொன்றும் போனால் நாயைச் சாக்கில் கட்டி எங்கோ தூரத்தில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நாய்தான் குற்றவாளி என்பது அநியாயத் தீர்ப்பு. நேற்று வரை ஓடுகிறதை விரட்டினால் பாராட்டு, இன்று விரட்டினால் விறகுக்கட்டை. இடையில் சட்டம் மாறியதை யாராவது அதற்குச் சொன்னார்களா?

நாய் ஓநாய் வழி வந்தது. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வேட்டை ஒரு சங்கிலி மாதிரி. மனிதன் தன் வசதிக்கு அதில் சில கண்ணிகளைப் பெரிதாக்கினான், சிலவற்றைத் தேய்த்தான். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயல் துரத்தவே வளர்க்கப்பட்டவை. கண்ணெதிரே ஏதாவது படபடத்து ஓடினால் கால் தானாகக் கிளம்பிவிடும். கோழியோ பயந்தால் கத்திக்கொண்டு சிறகடித்து ஓடும். இதைவிட வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க முடியுமா? பல நேரம் நாய்க்குப் பசி கூட இல்லை, விளையாட்டுதான். (கோழியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.)

அடித்தால் திருந்தாதா என்றால், திருந்தாது. கடித்து அரைமணி நேரம் கழித்து விழும் அடி எதற்கு என்று நாய்க்குப் புரியாது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அதில் மிஞ்சுவது நாற்றம் மட்டுமே. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும், ஆள் இருக்கும்போது கடிக்கக்கூடாது என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளும். அடிப்பதும் கைவிடுவதும் 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது வேறு.

சரி, என்ன செய்வது? பாட்டிமார் வைத்திருந்த பஞ்சாரம் போதும். கோழிகளைப் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கல் வைத்துவிட வேண்டும். நாயைச் சங்கிலியில் பிடித்துத் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தூரம்? கோழி கண்ணில் படவும் வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பவும் வேண்டும். அந்த இடம்தான் சூட்சுமம். திரும்பிப் பார்த்த அந்த நொடியே ஒரு துண்டு அவித்த ஈரல். உடம்பு விறைத்து, காது நிமிர்ந்து, கோழியையே வெறித்தால் இன்னும் பின்னால் போக வேண்டியதுதான். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். நாளுக்கு நாள் ஓரடி நெருங்கலாம். சில நாய்க்கு ஒரு வாரம், சில நாய்க்கு ரெண்டு மாதம். பிறகு கோழியை அவிழ்த்துவிட்டு நாயை மட்டும் சங்கிலியில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு நல்ல நடை கூட்டிப் போய், வயிற்றுக்கும் போட்டுவிடுவது உத்தமம். இதையெல்லாம் தினமும் சோறு வைக்கிறவரே செய்வது நல்லது. பெரும்பாலும் அது வீட்டு அம்மாதான். கட்டையைத் தூக்குகிறவரோ பெரும்பாலும் வேறு ஆள்!

குட்டி நாய் என்றால் பாதி வேலை மிச்சம். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அது அதற்குச் சாதாரணமாகிவிடும். குஞ்சு பொரித்த தாய்க்கோழி ஒன்று இருந்தால் மூக்கில் ரெண்டு கொத்து கொத்தி அதுவே பாடம் நடத்திவிடும்.

ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் ஊரை ஒட்டி மிடில் தீவு என்று ஒன்று. கடல் வற்றும் நேரம் நரிகள் நடந்தே போய் அங்கிருந்த பெங்குவின்களைத் தீர்த்துக்கட்டின. நூற்றுக்கணக்கில் இருந்தவை 2005 வாக்கில் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2006-ல் ஒரு கோழிப் பண்ணைக்காரரின் யோசனைப்படி மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். அதன் பிறகு பெங்குவின்கள் மறுபடி நூறைத் தாண்டின. அவை தலைமுறை தலைமுறையாக ஆடு காத்த இனம். வீட்டு ராஜபாளையத்திடம் அதை எதிர்பார்ப்பது பேராசை. கண்டுகொள்ளாமல் போனாலே வெற்றி.

எவ்வளவு பழக்கினாலும் நம்ப முடியாத நாய்களும் உண்டு. அவற்றுக்கு வலைதான் வழி. அதுவும் மெல்லிய கோழிவலை ஆகாது, பல்லாலேயே கிழித்துவிடும். வெல்டு மெஷ் அடித்து, அடியில் அரையடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும், நாய் தோண்டும். ராத்திரி கூண்டுக்குக் கொண்டி போட்டால் கீரிக்கும் மரநாய்க்கும் சேர்த்தே கதவடைத்த மாதிரி. இந்தக் கூண்டு எழும்பி, நாய் அதை ஒரு வாரம் மோந்து பார்த்து அலுத்த பிறகு சந்தைக்குப் போகலாம், கோழி எங்கும் ஓடிவிடாது.