கணக்குக்கு இன்னொரு படி எங்கே இருக்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கடைக்குள் தண்ணீர் நுழைந்தால் நாம் முதலில் அரிசி மூட்டையையும் சர்க்கரை மூட்டையையும்தான் மேலே ஏற்றுகிறோம். மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் இருப்பது நம் பேரேடு என்பதை மறந்துவிடுகிறோம்.

நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி, ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்தது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்த முயற்சிக்காக மகனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அப்பாவுக்குக் கணக்கின் அருமை தெரிந்தது. மகனுக்குத் தரவைச் சேமிக்கும் வித்தை தெரிந்தது. ஆனால் சேமித்த கணக்குக்கு இன்னொரு படி எடுத்து வைப்பது அவர்கள் வேலையல்ல, நம் வேலை.

"எல்லாம்தான் ஜி.எஸ்.டி. சர்வரில் இருக்கிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே இருப்பது நாம் தாக்கல் செய்த விவரம் மட்டுமே. எந்தக் கடைக்காரர் நமக்கு எவ்வளவு பாக்கி என்பது எந்த அரசுச் சர்வரிலும் இல்லை. அந்தச் சர்வரும் திணறியதுண்டு. 2017 ஆகஸ்டில் முதல் கணக்குத் தாக்கலுக்கே கடைசி நாளை 20இலிருந்து 25க்குத் தள்ளிவைத்தார்கள்.

சட்டமும் நம்மை விடுவதில்லை. ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கு அழிந்தால் மீட்டெடுக்கும்படி படி வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது.

இதில் பெரிய செலவில்லை. இரண்டு பென் டிரைவ் வாங்குவோம். வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் படி எடுப்போம். ஒன்றிலேயே திரும்பத் திரும்ப எழுதினால் கெட்டுப்போன கணக்கு நல்ல கணக்கை அழித்துவிடும். படி கடையில் இருக்கக்கூடாது. வீட்டில், மேல்தட்டில் இருக்கட்டும். முடிந்தவர்கள் வெளியூர்ச் சர்வரிலும் ஒன்று வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்ப்போம். திறக்காத படி, படியே அல்ல. கடவுச்சொல்லைக் கணக்குப்பிள்ளை மட்டும் அறிந்திருந்தால் போதாது. முதலாளிக்கும் தெரிய வேண்டும்.

தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர் நம் பக்கத்து ஊர்தான். கரையானுக்கும் ஈரத்துக்கும் பயந்து ஓலையை மறு ஓலையில் படியெடுத்துக் காத்தவர்கள் அவர்கள் முன்னோர். நமக்கோ பத்து நிமிட வேலை. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் இதைச் செய்து முடிக்க வேண்டுகிறோம்.