சின்னச் சொட்டுத்தானே என்று விட்ட பைப்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். இது நம் ஊரில் ஒழுகிக்கொண்டிருந்த ஐந்து பைப்புகளைப் பற்றியது.

மாசி மாதம் தரம் 7 மாணவி ஒருத்தி தொடர்ந்து பிந்தி வந்தாள். இரண்டு நாள் எச்சரித்தோம். மூன்றாம் நாள் கூப்பிட்டுக் கேட்டோம். "சேர், பீலியில தண்ணி வரல. அம்மா பால்வெட்டப் போயிட்டாங்க. கீழ் லயத்துல போய் கொடம் புடிச்சிட்டு வந்தேன்" என்றாள். விசாரித்தபோது மேல் லயத்தில் இருந்து வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதைதான். ஆசிரியர்களான எங்களுக்கு அன்று வெட்கமாக இருந்தது. காரணம் கேட்காமலே இரண்டு நாள் ஏசியிருந்தோம்.

மேல் லயத்துக்கு ஏன் தண்ணீர் இல்லை? மலையில் உள்ள ஊற்றிலிருந்து தாங்கிக்கு வருகிறது. தாங்கியிலிருந்து ஒரே குழாயில் மேல் லயம், கீழ் லயம், பாடசாலை, கடைவீதி, கடைசியாகப் பள்ளிவாசல். மோட்டார் இல்லை, சரிவில் தானாக ஓடிவரும் தண்ணீர். மழை இல்லாத மாதத்தில் ஊற்று மெலிந்துவிடும். இரவு முழுக்கச் சேர்வதுதான் விடியற்காலையில் எல்லோருக்கும். இரவில் கீழே ஒரு பைப் ஒழுகினால் தாங்கி நிறையாது. தாங்கியில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது மேட்டில் இருக்கும் பீலி. பள்ளத்தில் இருக்கும் நமக்குக் கடைசி வரைக்கும் தண்ணீர் வரும். அதனால்தான் குறை நம் கண்ணில் படவே இல்லை.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு லீற்றர் போத்தலோடு குழாய் வழியே நடந்தோம். வெளியில் இருக்கும் பைப்புகளில் ஐந்து ஒழுகின. பாடசாலையில் இரண்டு, பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டு, கடைவீதியில் ஒன்று. மோசமானது பள்ளிவாசல் முற்றத்தில், வுழூச் செய்யும் இடத்துக்கு வெளியே இருந்தது. நான்கே நிமிடத்தில் போத்தல் நிறைந்தது. மணிக்கு 15 லீற்றர். மாலை 6 மணியிலிருந்து காலை 5 மணி வரைக்கும் 165 லீற்றர். 15 லீற்றர் குடத்தில் பதினொரு குடம்! மற்ற நான்கும் வெறும் சொட்டுத்தான், ஆனாலும் நான்கும் சேர்ந்து ஓர் இரவுக்கு மூன்று குடத்துக்கு மேல். மேல் லயத்தில் இருப்பது பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு குடம் வீதம் கொடுத்து மிச்சமும் இருந்திருக்கும்.

இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் சிரித்தார். "சின்னச் சொட்டுத்தானே சேர், ரெண்டு மழை பேஞ்சா ஆறே நெறஞ்சிரும்" என்றார். நம் எல்லோர் மனதிலும் இருப்பது இதுதான். களுகங்கையும் களனி கங்கையும் ஓடும் மாகாணத்தில் தண்ணீரைப் பற்றி யார் கவலைப்படுவது? ஆனால் ஆற்றில் ஓடும் தண்ணீர் மேல் லயத்துக் குடத்துக்கு ஏறாது. ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று ஸஃதுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது. ஒரு முத்து, அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் அவர்கள் வுழூச் செய்ததை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் படிக்கிறோம். ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அதே ஒழுகும் பைப்பில் கால் கழுவிக்கொண்டு போனோம். முதலில் எங்களையே சொல்கிறோம். பாடசாலைப் பைப்பும் ஒழுகத்தானே செய்தது?

தண்ணீர் வீணாவது ஒரு பக்கம். பைப்புக்குக் கீழே தேங்கும் சேற்றில் பிள்ளைகள் செருப்பில்லாமல் நிற்கிறார்கள். எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் இருக்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் காலில் ஒரு கீறலோடு நின்றாலே போதும். ஒழுகும் பைப்புக்குக் கீழே வைத்து மறந்த வாளியில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு நுளம்பு உருவாகிவிடும். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்ததை மறந்துவிட்டோமா?

இன்னொன்று மண். 2016 மே 17 அன்று அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் சரிவு வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அது பெருமழையால் வந்தது, பைப்பால் அல்ல. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் இரவு பகலாகத் தண்ணீர் ஊறவிடுவது புத்தியான காரியம் இல்லை.

சரி, யார் திருத்துவது? கேட்டுப் பார்த்தோம். தோட்டம் பார்க்க வேண்டும் என்றார்கள், பிரதேச சபை பார்க்க வேண்டும் என்றார்கள், பள்ளி நிர்வாகம், அதிபர் என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்கள். "நாமே செய்தால் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்வார்களே" என்று ஒரு தோட்டத்துத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பிரதான குழாயை மாற்றுவது, தாங்கியைப் பெரிதாக்குவது நம் கையால் ஆகாது. அதற்குக் கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுப்போம், விடாமல் கேட்போம். ஆனால் ஒரு பிளேன்டீ விலையைத் தாண்டாத வாஷருக்கும் கடிதம் எழுதிக் காத்திருந்தால், அந்த நாளெல்லாம் பிந்தி வருவது மேல் லயத்துப் பிள்ளைதான்.

பைனான் வேலை தெரிந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தார். மூன்று பைப்புக்கு வாஷர் மட்டும் தேய்ந்திருந்தது. ஒன்றில் தண்டைச் சுற்றிக் கசிந்தது, நட்டைக் கொஞ்சம் இறுக்கியதும் நின்றது. பிளாஸ்டிக் பைப் ஒன்று வெடித்திருந்தது, அதை மட்டும் முழுதாக மாற்றினோம். பகல் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது.

நீங்களும் செய்யலாம். முதலில் வால்வைப் பூட்டி, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை விடுங்கள். ஒரு ஸ்பேனரால் பைப்பின் உடலைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் தலையைக் கழற்றுங்கள். பிடிக்காமல் திருகினால் பழைய குழாய் உள்ளே முறிந்துவிடும். அடியில் இருக்கும் வாஷரை எடுத்துப் போய்க் கடையில் காட்டி அதே அளவில் வாங்குங்கள். வாஷர் உட்காரும் இடத்தில் துருவும் மணலும் இருந்தால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் புரியில் வெள்ளை டேப் சுற்ற வேண்டும். டியூப் துண்டு கட்டுவதும் ஷொப்பிங் பேக் சுற்றுவதும் ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது. பூட்டும்போது பலம் காட்டாதீர்கள். வாஷர் சீக்கிரம் தேய்வதே அதனால்தான்.

இப்போது மேல் லயத்துப் பீலியில் அநேகமான நாட்களில் காலை ஆறரைக்கும் தண்ணீர் வருகிறது. எல்லா நாளும் அல்ல, குழாய் பழையது. அந்தப் பிள்ளை முதல் மணிக்கு முன்னால் வந்துவிடுகிறாள்.

நாங்கள் கேட்பது மூன்று விடயம். வெளியில் இருக்கும் ஒவ்வொரு பைப்புக்கும் பொறுப்பாக ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். பள்ளிவாசலிலும் கோவிலிலும் பாடசாலையிலும் ஒரு சின்னப் பெட்டியில் நாலு வாஷரும் ஒரு ஸ்பேனரும் டேப்பும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, யாராவது ஒருவர் குழாய் வழியே நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஒழுகும் சத்தம் நன்றாகக் கேட்கும்.

தண்ணீர் தானம் சிறந்த ஸதகா என்று கிணறு கட்டப் பணம் சேர்க்கிறோம். நல்லது. அதோடு, இருக்கும் பைப்புக்கு ஒரு வாஷர் போடுவதையும் ஸதகாவாக நினைத்துச் செய்வோம். தோட்டத்து மக்களும் கடைவீதி மக்களும் ஒரே ஊற்றைக் குடிக்கிறோம். கீழே இருக்கும் நாம் பூட்டினால்தான் மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பக்கம் ஒழுகும் பைப் இருந்தால் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை ஸ்பேனரோடு வருகிறோம். பிளேன்டீ மட்டும் உங்கள் செலவு.