நாற்காலித் தொழுகைக்கு முன் ஒரு கேள்வி



ஸூரத்து மர்யமின் தொடக்கத்தில் ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் தாழ்ந்த குரலில் இறைஞ்சுகிறார்கள். தம் முதுமையை முறையிடும்போது, தலை நரைத்ததைச் சொல்லும் முன்பே எலும்புகள் பலவீனமடைந்ததைச் சொல்கிறார்கள். இந்த வசனத்தைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அதன் பொருள் என் வீட்டிலேயே விளங்கும் நாள் வரும் என்று எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யச் சென்ற என் உம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. "இதற்கு முன் எலும்பு முறிந்ததுண்டா?" என்று மருத்துவர் கேட்டபோதுதான், ஐந்து ஆண்டுகளுக்கு முன் மணிக்கட்டு முறிந்தது நினைவுக்கு வந்தது. அன்று கட்டுப் போட்டோம், பிரித்தோம், மறந்தோம். உம்மாவின் முதுகு கூனியதையும் உயரம் குறைந்ததையும் 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டோம். அவையெல்லாம் எலும்புப்புரையின் அடையாளங்கள் என்று மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் இந்நோயை மூட்டுத் தேய்மானத்தோடு பலர் குழப்பிக்கொள்கின்றனர். மூட்டுத் தேய்மானம் வலியால் தன்னை அறிவித்துவிடும். எலும்புப்புரையோ ஓசையின்றி எலும்பின் அடர்த்தியைக் கரைத்து, பெரும்பாலும் முறிவின் மூலமே வெளிப்படும். ஏறத்தாழ முப்பது வயதுக்குள் எலும்பின் வலிமை உச்சத்தை அடைகிறது. பின்னர் அது மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதல் சில ஆண்டுகளில் வேகமாகக் குறைகிறது. புகைபிடிப்போரும், ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காக நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்வோரும், ஆணாயினும் பெண்ணாயினும், கவனமாயிருத்தல் வேண்டும்.

இங்கே என் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற சட்டத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பள்ளிவாசலில் நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகுவதையும் பார்க்கிறேன். 'இவர் ஏன் நிற்க இயலாமல் போனார்?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. சலுகையைச் சொல்லிக்கொடுத்த நாம், அந்தச் சலுகை தேவைப்படாமல் காத்துக்கொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வழிகள் எளியவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் நம் கைக்கெட்டியவையே. விருந்துக்குப் பிரியாணி சமைக்கும் நம் அடுப்பில் அன்றாடம் கேழ்வரகுக் கஞ்சியும் கொதிக்கட்டும்.

கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். முன்னைய வீடுகளில் முற்றம் இருந்தது. பெண்கள் வீட்டுக்குள்ளேயே வெயிலில் நின்றனர். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் அது இல்லை. கண்ணாடி வழியே வரும் வெயிலும் பயன்படாது. அதிகாலை வெயிலில் பயன் மிகக் குறைவு. முற்பகல் பத்து மணிக்கு மேல் முகத்திலும் கைகால்களிலும் சிறிது நேரம் நேராகப் படவேண்டும். இதற்குப் பர்தாவைக் குறைசொல்வது நியாயமன்று. மொட்டைமாடியில் ஒரு மறைப்புக் கட்டிப் பெண்களுக்கென நேரம் ஒதுக்குவது ஆண்களாகிய நம் கடமை. குறைபாடு இருப்பின் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்கலாம்.

மக்தபுக்கு வரும் பெண்பிள்ளைகளையும் ஓடியாட விடுங்கள். இளமையில் சேர்த்த வலிமையே முதுமையின் சேமிப்பு. ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத தரையும் கைப்பிடியும் அமையுங்கள், வீட்டிலும் பள்ளிவாசலிலும். ஐம்பது வயதுக்கு மேல் சிறு விழுகையில் எலும்பு முறிந்தால், கட்டோடு நிறுத்தாமல் டெக்ஸா எனும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மேலும் முறியாமல் தடுக்க மருந்துகள் இருக்கின்றன.

'எல்லாம் கத்ரு' என்பது உண்மையே. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்; அதைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு. அக்டோபர் 20 உலக எலும்புப்புரை நாள். அதையொட்டி வரும் ஜும்ஆவில் பத்து நிமிடம் இதைப் பேசுமாறு இமாம்களையும் ஜமாஅத் நிர்வாகிகளையும் வேண்டுகிறேன்.

உம்மா இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். "நெற்றி தரையில் படவில்லையே" என்று ஒவ்வொரு ஸஜ்தாவுக்குப் பின்னும் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் உங்கள் வீட்டு உம்மாமார்களுக்கு வராமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.