ஒத்துழைக்காதது யார்?

ஆப்டோமெட்ரி படிக்கும் நம் மாவட்டத்து மாணவி ஒருவர், இறுதியாண்டு ஆய்வுக்குத் தயாரித்த கேள்வித்தாளை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். கண் பரிசோதனையில் நோயாளிகளின் ஒத்துழைப்பை மேம்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. சொன்ன நாளில் வந்தாரா, தாடையை ஆட்டாமல் வைத்திருந்தாரா, சொட்டு மருந்து போட விட்டாரா, எழுத்துப் பலகையைக் காட்டியபோது ஒழுங்காகப் பதில் சொன்னாரா, வாங்கிய கண்ணாடியைப் போடுகிறாரா, மறுபடி வந்தாரா என்று கேள்விகள் நீண்டன. எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியவை. எதிரில் நிற்பவரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அந்த மாணவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவப் படிப்புகள் இப்படிக் கேட்கத்தான் பழக்குகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு நெடுங்காலமாக 'கம்ப்ளையன்ஸ்' என்று பெயர். கீழ்ப்படிதல் என்று பொருள். சொன்னதைச் செய்தால் நல்ல நோயாளி. செய்யாவிட்டால் அறியாமை, அலட்சியம், மூடநம்பிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பார்வையைக் கேள்விக்குள்ளாக்கியது. பணக்கார நாடுகளிலேயே நீண்டகாலச் சிகிச்சையைச் சொன்னபடி கடைப்பிடிப்பவர்கள் பாதிப் பேர்தான் என்றது. நோயாளிக்குத் தேவை ஆதரவு, பழி அல்ல என்றும் சொன்னது. இருபது ஆண்டுகள் கடந்தும் நம் வகுப்பறைகளுக்கு அது வந்து சேரவில்லை.

கண் பரிசோதனையில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. ரத்த அழுத்தம் பார்க்க நோயாளி வாய் திறக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது அப்படியல்ல. ரெட்டினாஸ்கோப் வெளிச்சத்தை வைத்து ஓரளவு பவரைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பிறகு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அங்கே அளவுகோல் நோயாளியின் வாய்ச்சொல். "தெரியல", "முன்ன போட்டதே நல்லாருந்துச்சு", "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று மறுத்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தால்தான் சரியான கண்ணாடி கிடைக்கும்.

இப்போது அந்த நாற்காலியில் காலனியிலிருந்து வந்த அறுபது வயது அம்மா ஒருவரை உட்கார வையுங்கள். தோட்டத்திலும் அலுவலகத்திலும் "சரிங்கய்யா" என்று சொல்லியே பிழைத்தவர். வெள்ளைக் கோட்டுக்காரர் அவசரமாக, "தெரியுதா?" என்கிறார். "நல்லாத் தெரியுதுங்கய்யா" என்று பதில் வருகிறது. படிவத்தில் 'ஒத்துழைப்பு: நன்று' என்று விழுகிறது. கண்ணாடி தப்பாகிறது. இரண்டு நாள் தலைவலியோடு போட்டுப் பார்த்துவிட்டுப் பரணில் தூக்கி வைக்கிறார். ஆறு மாதம் கழித்து அதே படிவத்தில் 'கண்ணாடி அணியவில்லை, ஒத்துழைப்பு இல்லை' என்று விழுகிறது. பணிவை ஒத்துழைப்பாக எண்ணியதன் விலை இது. சாதிச் சமூகம் நமக்குப் பயிற்றுவித்தது பணிவைத்தான். கண் பரிசோதனையோ மறுத்துச் சொல்லும் உரிமையைக் கேட்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த தலித் ஆசிரியர் ஒருவர் 1929இல் 'யங் இந்தியா' இதழுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது அது. பிரசவமான மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. சேரிக்குள் வர மருத்துவர் மறுக்கிறார். கெஞ்சி அழைத்து வந்த பிறகும் அவளைத் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, அதே வழியில் திருப்பித் தருகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறாள். அவளும் கணவரும் சொன்னதையெல்லாம் செய்தார்கள், கட்டணமும் கொடுத்தார்கள். அங்கே ஒத்துழைக்க மறுத்த ஒரே ஆள் மருத்துவர்.

"அது அந்தக் காலம், இப்போது மருத்துவமனையில் யார் சாதி கேட்கிறார்கள்?" என்பார்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவச் சேவையைப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா ஆய்வு செய்தார். தொடுவதில், பேசுவதில், ஒதுக்கும் நேரத்தில், மருந்தைக் கையில் கொடுக்கும் விதத்தில் பாகுபாடு இருப்பதைப் பதிவு செய்தார். சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஓபி சீட்டில் தெருப்பெயர் இருக்கிறது. அதைப் பார்த்ததும் "வாங்கம்மா, உக்காருங்க" என்பது "ஏய், இப்படி வந்து உக்காரு" என்று மாறினால் போதும். கண் பரிசோதனை தொட்டுச் செய்யும் வேலை. இமையைத் தூக்க வேண்டும், தலையைப் பிடித்து நேராக வைக்க வேண்டும். எப்படித் தொடுகிறார்கள், எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதில் அந்த அம்மாவுக்கு எல்லாமே புரிந்துவிடும்.

அடுத்தது கூலி. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கத்துக் காலனிகளிலிருந்து விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அந்தப் பெண்கள் வீடு திரும்பும்போது ஓபி மூடி வெகுநேரம் ஆகியிருக்கும். சர்க்கரை நோயாளிக்கு விழித்திரையைப் பார்க்க வேண்டுமென்றால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட வேண்டும். பார்வை தெளியச் சில மணி நேரம் ஆகும் என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். ஆக, ஓர் 'இலவச' பரிசோதனைக்கு இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகிறது. வேலைக்குப் போய்விட்ட அந்த நாளைத்தான் கேள்வித்தாள் 'வரவில்லை' என்று எழுதிக்கொள்கிறது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தமிழகக் கிராமங்களில் கண்புரை அறுவை சிகிச்சை பற்றி நடந்து 1991இல் வெளியான ஆய்வு ஒன்று, சிகிச்சையோடு பயணம், சாப்பாடு ஆகியவற்றின் செலவையும் ஏற்றுக்கொண்டால் கூடுதலான பேர் வருகிறார்கள் என்று காட்டியது. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், கண்ணில் கோளாறு இருந்தவர்களில் 100க்கு சுமார் 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு ஆகியவை முக்கியக் காரணங்களாக இருந்தன. தேனியில் 1985 முதல் கிளை வைத்திருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுவில் இந்த மாவட்டத்தின் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, கம்பியில்லா இணைப்பு வழியாகத் தேனி மருத்துவரோடு இணைத்தது. மக்களுக்கு அறிவுரை சொல்வதை விட்டு மருத்துவம் பக்கத்தில் போனது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அரசும் அதே உண்மையைத்தான் ஒப்புக்கொண்டது.

பயமும் மூடநம்பிக்கையும் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணில் பச்சிலைச் சாறு விடுவதும், ஆபரேஷன் என்றதும் ஓடுவதும் நம் மக்களிடம் உண்டு. ஆனால் வராததற்கு அதுதான் காரணமா? ஹைட்டியில் காசநோயாளிகளிடம் மருத்துவர் பால் ஃபார்மர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பகுதியினருக்கு இலவச மருந்து மட்டும். இன்னொரு பகுதியினருக்கு மருந்தோடு வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர், சத்துணவு, பண உதவி. இரண்டாம் பகுதியில் எல்லோரும் குணமானார்கள். முதல் பகுதியில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். சூனியத்தால் நோய் வந்தது என்று நம்பியவரும் நம்பாதவரும் சிகிச்சையைத் தொடர்வதில் வேறுபடவில்லை.

நம் பெண்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று அசாமில் இருக்கிறது. 40 வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உயர்ந்தது. ஆய்வு முடியும்போது கண்ணாடி பெற்றவர்களில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு உதவும் கண்ணாடியை யாரும் பரணில் வைப்பதில்லை. போடி கிட்டங்கிகளில் ஏலக்காயைப் பரப்பி நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பவர் எழுதும்போது ஏலக்காய் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்க வேண்டாமா? புத்தகம் படிக்கும் தூரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'போடுவதில்லை' என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே ஆய்வு செய்யப் போகும் மாணவர்களே, தலைப்பை மாற்ற வழிகாட்டி சம்மதிக்காவிட்டாலும் கேள்விகளை உங்களால் மாற்ற முடியும். நோயாளி எவ்வளவு நேரம் காத்திருந்தார், பரிசோதனை எத்தனை நிமிடம் நடந்தது, அன்றைய கூலி எவ்வளவு போனது, என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டார்களா, 'நீ' என்றார்களா 'நீங்க' என்றார்களா, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட்டார்களா, "தெரியல" என்று எத்தனை முறை சொன்னார், சொன்னபோது எதிரில் இருந்தவர் முகம் எப்படி மாறியது என்று கேளுங்கள். சமூகப் பிரிவையும் பதிவு செய்யுங்கள். 'எல்லோரும் எங்களுக்கு ஒன்றுதான்' என்று சொல்லும் இடத்தில் அந்தத் தரவு கட்டாயம் தேவை. பதிலை மருத்துவமனை வாசலில் வாங்காதீர்கள். அங்கே "எல்லாம் நல்லாருக்குங்கய்யா" என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கு, அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேளுங்கள்.

நம் பிள்ளைகள் இன்று அந்த நாற்காலியின் மறுபக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கோட்டு மாட்டியதும் அங்கே நிற்பவரின் கண்களால் நம் மக்களைப் பார்க்கத் தொடங்கினால், பட்டம் மட்டும்தான் மிஞ்சும். "அம்மா, தெரியலைன்னா தெரியலைன்னு தைரியமாச் சொல்லுங்க, நான் மாத்திப் போடுறேன்" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஒத்துழைப்பு அங்கே தொடங்கட்டும்.